ஞானத்தாய் ஊதிய விசில்

வெள்ளி தோண்ட வந்த ஆங்கிலேயர்கள் எங்கள் தேஹோன் மலையைக் குடைந்து முடித்துக் கப்பல் ஏறியபோது, வெள்ளியையெல்லாம் வாரிக்கொண்டு இரண்டே சாமான்களை விட்டுவிட்டுப் போனார்கள். ஒன்று பாஸ்தே, இன்னொன்று பந்து. உருளைக்கிழங்கும் இறைச்சியும் அடைத்துச் சுட்ட பாஸ்தே அந்தக் காலத்தில் அத்தனை கெட்டி. எதை உதைப்பது, எதைக் கடிப்பது என்று பிடிபட எங்கள் ஊர் ஆண்களுக்கு ஒரு மாதம் ஆயிற்று. பிடிபட்டதும் சங்கம் ஆரம்பித்துவிட்டார்கள். வேலை முடிந்து குளிக்காமல் நேராக ஆட வந்ததால் அதற்குச் ‘சொக்கவோன்’ என்று பெயர். சுரங்கத்தின் வாய் என்று அர்த்தம்.

மைதானம் சுரங்கக் கழிவைக் கொட்டிச் சமமாக்கிய வெள்ளை மேடு. சமம் என்று நான் எழுதுவது மரியாதைக்காக. கீழ்க் கோலில் நிற்பவனுக்கு மேல் கோலில் நிற்பவனுடைய தொப்பி மட்டும்தான் தெரியும். தெற்குப் பக்கம் கிடுகிடு பள்ளம். ஒருமுறை பந்து அதில் விழுந்து காணாமல் போனது. மறுவாரம் ஒரு ஆடு அதை நெற்றியால் முட்டி முட்டி மேலே கொண்டுவந்து சேர்த்தது. அந்த ஆட்டை ஒரு பருவம் முழுக்க வலதுபக்க முன்வரிசையில் ஆடவிட்டோம். ஆஃப்சைடு விதி மட்டும் அதற்கு ஏறவில்லை. மற்றபடி மனிதர்களைவிட மோசமில்லை.

இந்தச் சங்கத்தின் சரித்திரத்தை எங்கிருந்து தொடங்கினாலும் மைதான வாசலில் பாஸ்தே விற்ற நிக்கனோராவிடம்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. நல்ல உயரம், அடுப்புக் கதவு மாதிரி அகலம். இரண்டு விரலை வாயில் வைத்து அவள் விசிலடித்தால் மலைக்குள் வேலை செய்பவர்கள் ஷிஃப்ட் முடிந்துவிட்டது என்று கருவிகளைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். கம்பெனி இரண்டு தடவை எச்சரிக்கை அனுப்பியது.

அவளுக்கு ஒரே ஒரு குறை. அவளை யாரும் ‘கொமாத்ரே’ என்று கூப்பிட்டதில்லை.

எங்கள் பக்கத்தில் ஒருவருடைய பிள்ளையை ஞானஸ்நானத்துக்கு நீங்கள் ஏந்திக் கொடுத்துவிட்டால், பிள்ளைக்கு ஞானத்தாய் ஆவது இருக்கட்டும், பெற்றவர்களுக்கு அன்றிலிருந்து நீங்கள் கொமாத்ரே. ஆணாக இருந்தால் கொம்பாத்ரே. அவர்களும் உங்களுக்கு அப்படியே. கூடப் பிறந்தவனோடு சண்டை போடலாம், கட்டியவனை விரட்டலாம், கொம்பாத்ரேயிடம் குரலை உயர்த்தக் கூடாது. நேற்றுவரை ‘வாடா போடா’ என்றிருந்தவர்கள் இன்று முதல் ‘வாங்க, உக்காருங்க’ என்பார்கள். சந்தையில் அரை மணி நேரம் நின்றால் பத்துப் பேர் கொமாத்ரே என்று கூப்பிடாத பெண் தேஹோனில் கிடையாது, நிக்கனோராவைத் தவிர.

காரணம் பழையது. அவளுக்குப் பதினேழு வயதில் ஒரு பிள்ளைக்கு ஞானத்தாயாகக் கூப்பிட்டார்கள். தண்ணீர் ஊற்றும் நேரத்தில் கை நழுவி, பிள்ளை முழுசாகத் தொட்டித் தண்ணீருக்குள் போய்விட்டது. சாமியார் காலைப் பிடித்துத் தூக்கினார். பிள்ளையின் அத்தை அந்த இடத்திலேயே அவளை விலக்கிவிட்டுத் தானே ஏந்திக்கொண்டாள். அந்தப் பிள்ளைதான் பின்னாளில் சொக்கவோனின் கோல்கீப்பர் ருத்திலியோ. அவன் கையிலிருந்து பந்து நழுவும்போதெல்லாம் ஜனங்கள் திரும்பி வாசலிலுள்ள பாஸ்தே கடையைத்தான் பார்ப்பார்கள்.

அந்தக் குறையே அவளை நடுவர் ஆக்கியது. அதற்கு முன் சவரக்கடை அபுந்தியோதான் நடுவர். பாவம், ஊரில் பாதிப் பேருக்கு அவர் கொம்பாத்ரே. பக்கத்து ஊர் சான் கிறிஸ்பினில் மீதிப் பாதிக்கு. யாராவது ஒருவன் இன்னொருவனைக் காலால் வெட்டிச் சாய்த்தால் அபுந்தியோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு பக்கத்தில் போவார்.

“கொம்பாத்ரே, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கால் கொஞ்சம் அந்தப் பக்கமா போயிடுச்சோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.”

“போகலையே, கொம்பாத்ரே.”

“அப்ப சரி. வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?”

இப்படி ஆடிய ஒரு இறுதி ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்று இரண்டு ஊரும் ஒரு வருடம் அடித்துக்கொண்டன. கடைசியில் லீக் தலைவரான மருந்துக்கடைக்காரர் ஒரு விதி போட்டார். இரண்டு அணியிலும் எவனோடும் ஞான உறவு இல்லாதவர்தான் இனிமேல் நடுவர். மூன்று மலை தேடினார்கள். ஒரே ஒரு ஆள்தான் அகப்பட்டது. சாமியாரின் பழைய அங்கியை வெட்டி அவளுக்குக் கறுப்புச் சட்டை தைத்துக் கொடுத்தார்கள்.

எட்டு வருடம் நிக்கனோரா விரலை வாயில் வைத்தால் இருபத்திரண்டு ஆண்கள் சிலையாக நின்றார்கள். நின்ற பிறகு கத்தினார்கள் என்பது வேறு விஷயம். சொக்கவோன் கேப்டன் மெல்கியாதெஸ்தான் எல்லாரையும்விட அதிகம் கத்துவான். அவளுடைய கண்ணைப் பற்றி, மூக்குக்கண்ணாடியைப் பற்றி, கிச்சிலிப்பழத்துக்கும் பந்துக்கும் அவளுக்குத் தெரியாத வித்தியாசத்தைப் பற்றி. ஆட்டம் முடிந்ததும் அவள் கடையிலேயே வந்து பாஸ்தே வாங்கித் தின்பான். அவளும் கருகியதாகப் பார்த்துக் கொடுப்பாள்.

மெல்கியாதெஸின் மனைவி செனாய்தா, நிக்கனோராவுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதி. கல்யாணமாகி வெகு காலம் கழித்து அவள் வயிற்றில் ஒரு பிள்ளை தங்கியது. ஒன்பதாம் மாதத்தில் ஒருநாள் கடைக்குள் வந்து மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

“நிக்கா, ஒண்ணு கேக்கணும். மாட்டேன்னு சொன்னா இந்த வயித்தோட இங்கயே இருந்துடுவேன்.”

“சீக்கிரம் கேளு. அந்த நாற்காலி ரொம்ப நேரம் தாங்காது.”

“பொறக்கப்போற பிள்ளைக்கு நீதாண்டி ஞானத்தாய்.”

மாவு பிசைந்துகொண்டிருந்த கை நின்றுவிட்டது. நிக்கனோரா திரும்பாமலேயே கேட்டாள்.

“உன் மாமியார் என்ன சொல்றாங்க?”

“மேயர் பொண்டாட்டியைச் சொல்றாங்க. அந்தம்மாவுக்கு ஏற்கெனவே ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் ஞானப் பிள்ளைங்கதான். ஒண்ணோட பேரும் தெரியாது.”

“நான் ஒருதடவை கையை நழுவ விட்டவ.”

“விட்டா என்னடி? நனைக்கத்தானே தூக்கிட்டுப் போறோம்.”

நிக்கனோரா மாவுக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்று முழுக்க முகத்தில் வெள்ளைப் பூச்சோடு வியாபாரம் செய்தாள்.

சிக்கல் அப்புறம்தான் தெரிந்தது. பெண் குழந்தை பிறந்தது. சாமியார் ஞானஸ்நானம் கொடுக்க எங்கள் மலைக்கு வருவது திருவிழா ஞாயிற்றுக்கிழமை. அதே ஞாயிறு மாலைதான் இறுதி ஆட்டம், சொக்கவோனுக்கும் சான் கிறிஸ்பினுக்கும். காலையில் பிள்ளையை ஏந்தினால் மாலையில் அவள் சொக்கவோன் கேப்டனுக்குக் கொமாத்ரே. விதிப்படி நடுவராக நிற்க முடியாது. நடுவர் இல்லையென்றால் ஆட்டம் இல்லை. கோப்பை யாருக்கும் இல்லாமல் மருந்துக்கடை அலமாரியில் இருமல் மருந்துக்குப் பக்கத்தில் அடுத்த வருடம் வரை உட்கார்ந்திருக்கும். அடுத்த ஞானஸ்நானத்துக்குக் காத்திருக்கலாம் என்றால், அதற்குள் மாமியார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலை இறங்கி மேயர் மனைவியிடம் காரியத்தை முடித்துவிடுவாள்.

சொக்கவோன் அந்தக் கோப்பையைத் தொட்டதே கிடையாது. அந்த வருடம்தான் தொட்டுவிடும்போல இருந்தது. ஆகவே ஊரே நிக்கனோராவின் கடைக்கு நடந்தது. கடைசியாக மெல்கியாதெஸ் வந்தான்.

“நிக்கனோரா, நான் புருஷனா வரல. கேப்டனா வந்திருக்கேன்.”

“புருஷன் எங்க?”

“வீட்டுல. அங்க அவன் பேச்சை யாரும் கேக்கறதில்ல.”

“சரி, கேப்டன் சொல்லட்டும்.”

“எங்க தாத்தா இந்தக் கோப்பையைப் பாக்காமலேயே செத்தாரு. அப்பாவும் பாக்கல. இந்த வருஷம் பசங்க நல்லா ஆடறாங்க. ருத்திலியோகூட ஒண்ணு ரெண்டு பிடிக்கறான். நீ இந்த ஒருதடவை விட்டுக்குடு. அடுத்த பிள்ளைக்கு நீதான், சத்தியமா.”

“அடுத்த பிள்ளை எப்ப?”

“அது செனாய்தாவைக் கேக்கணும்.”

“போய்க் கேட்டுட்டு வா. திரும்பி வரும்போது உன் மண்டையில என் மாவுக்கட்டை அளவுக்கு ஒரு வீக்கம் இருக்கும், அதையும் காட்டு.”

அவன் போகாமல் நின்றான். நிக்கனோரா உள்ளே போய்க் கறுப்புச் சட்டையை மடித்து எடுத்துவந்து அவன் கையில் வைத்தாள். அந்தச் சட்டை அவளுக்கு எவ்வளவு பிரியமானது என்று அவனுக்குத் தெரியும்.

“இதை மருந்துக்கடையில குடுத்துடு. எட்டு வருஷம் எல்லாரும் நான் சொன்னதைக் கேட்டீங்க, அது போதும். ஆனா என்னை ஒருத்தர் வீட்டுல உறவா கூப்பிடறது இது ஒண்ணுதான். இதை விடமாட்டேன்.”

கேப்டன் சட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மருந்துக்கடைக்கு நடந்தான். வழியில் புருஷன் கொஞ்சம் சந்தோஷப்பட்டிருப்பான் என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உட்கார இடமில்லை. நிக்கனோரா பிள்ளையை மார்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்த பிடியில் சாமியாருக்குத் தண்ணீர் ஊற்றத் தலை கிடைக்கவில்லை. கெஞ்சி ஒரு காதை வாங்கி, அதன் வழியாக மெல்லத் தலையை வெளியே எடுத்தார். அம்பாரோ என்று பெயர் வைத்தார்கள்.

“நீங்க கொஞ்சம் தளர்த்திப் பிடிங்க, கொமாத்ரே” என்று செனாய்தா காதோரம் சொன்னாள்.

நிக்கனோரா தன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை. அப்போதுதான் அது தன்னைச் சொன்னது என்று அவளுக்கு உறைத்தது.

வெளியே வந்து வழக்கப்படி அவள் சில்லறையை வாரி இறைத்தாள். சிறுவர்கள் கோயில் முற்றத்தில் உருண்டு பொறுக்கிக்கொண்டிருக்கும்போதே சான் கிறிஸ்பின்காரர்கள் வந்து இறங்கினார்கள், புத்தம்புது லாரியில். பார்லி மூட்டை ஏற்றுவதற்குப் பதினோரு ஆட்டக்காரர்களும் பங்கு போட்டு வாங்கிய லாரி. நெற்றியில் ‘அம்மா செல்லம்’ என்று எழுதியிருந்தது. பின்னால் மூன்று பீப்பாய் புல்கே கள்ளும், மேளக்காரர்களும், ஊரில் நடக்க முடிந்த அத்தனை பேரும். ஆட்டம் இல்லை என்று கேட்டதும் அவர்களுடைய கேப்டன் தோரிபியோ இடிந்துபோனான். இவ்வளவு ஜனத்தைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போனால் வழியிலேயே அவனைத் தள்ளிவிடுவார்கள். தாடியைச் சொறிந்துகொண்டு யோசித்தான். அப்புறம் சிரித்தான்.

“தலைவரே, அந்தம்மா ஒரு பக்கத்துக்கு மட்டும் உறவா இருக்கறதுதானே தப்பு? ரெண்டு பக்கத்துக்கும் ஆயிட்டா?”

“ஒனக்குப் பிள்ளை ஏது? இன்னும் கல்யாணமே ஆகல” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“லாரி இருக்கே. இன்னும் மந்திரிக்கல. அதுக்கு ஒரு ஞானத்தாய் வேணும்.”

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் புது வீட்டுக்கு, பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைக்கு, கோல் வலைக்குக்கூட ஞானத்தாய் உண்டு. லாரிக்கு இல்லாமலா? ஆனால் தோரிபியோவின் கணக்கு எல்லாருக்கும் புரிந்துவிட்டது. லாரி பதினோரு பேருடையது. மந்திரித்து முடித்தால் நிக்கனோரா சான் கிறிஸ்பின் அணி முழுவதற்கும் கொமாத்ரே.

“நமக்கு ஒரு பிள்ளை, அவனுங்களுக்குப் பதினோரு உறவா? இது அநியாயம்” என்று சொக்கவோன் பக்கம் கத்தினார்கள்.

“உறவுன்னா உறவுதான். தராசுல வச்சு நிறுக்க முடியாது” என்றார் மருந்துக்கடைக்காரர். அவருக்கும் ஆட்டம் பார்க்க ஆசை. “நிக்கனோரா, உனக்குச் சம்மதமா?”

“லாரி அழாம இருந்தா சரி” என்றாள் அவள்.

சாமியார் லாரியின் மூக்கில் தண்ணீர் தெளித்தார். நிக்கனோரா ஒரு கையில் மெழுகுவர்த்தியும் இன்னொரு கையில் லாரியின் கண்ணாடியையும் பிடித்துக்கொண்டு நின்றாள். பதினோரு பேரும் வரிசையாக வந்து தோளைத் தழுவி “கொமாத்ரே, கொமாத்ரே” என்றார்கள். கறுப்புச் சட்டை மருந்துக்கடையிலிருந்து திரும்பி வந்தது.

ஆட்டம் தொடங்கியது. கொஞ்ச நேரத்திலேயே சான் கிறிஸ்பினின் தடுப்பாட்டக்காரன் ஒருவன் எங்கள் பையனைப் பின்னாலிருந்து உதைத்து விழுத்தாட்டினான். விசில் பறந்தது. பழக்கதோஷத்தில் பதினோரு பேரும் கையை வீசிக்கொண்டு நிக்கனோராவை நோக்கி ஓடினார்கள். பாதி தூரத்தில் ஒவ்வொருவனாக வேகம் குறைந்து நின்றான். முதலில் வந்து சேர்ந்தவன் தோரிபியோ. திறந்த வாயை மூட முடியாமலும், சொல்ல நினைத்ததைச் சொல்ல முடியாமலும் கொஞ்ச நேரம் மீன் மாதிரி நின்றான்.

“சொல்லுங்க, கொம்பாத்ரே” என்றாள் நிக்கனோரா.

“ஒண்ணுமில்ல, கொமாத்ரே. நல்லா விசிலடிச்சீங்க. அதைச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்.”

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. அபுந்தியோ கொம்பாத்ரேகளுக்குப் பயந்தவர். அதனால் அந்த உறவு நடுவரை மட்டும்தான் கட்டும் என்று இரண்டு ஊரும் நினைத்துக்கொண்டிருந்தது. நிக்கனோரா யாருக்கும் பயந்தவள் இல்லை. குரலை உயர்த்த முடியாதவர்கள் இப்போது அவர்கள்தான், பதினோரு பேரும்.

எங்கள் பக்கமும் அதே கதிதான். மெல்கியாதெஸ் ஆஃப்சைடு என்று அவள் விசிலடித்ததும் அவன் பழைய வேகத்தில் திரும்பினான், முகம் தக்காளியாகிவிட்டது.

“கொமாத்ரே... உங்க கண்ணுக்கு அப்படித் தெரிஞ்சிருந்தா... அது உங்க கண்ணு. நல்ல கண்ணு.”

இவ்வளவு மரியாதையான ஆட்டம் அந்த மேட்டில் அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடக்கவில்லை. சண்டை பார்க்க வந்த ஜனங்கள்தான் நொந்துபோனார்கள். புல்கே பீப்பாய்க்காரன் “நாங்க இதுக்கா மலை ஏறினோம்?” என்று அழாத குறையாகக் கேட்டான்.

ஆட்டம் முடியும் தறுவாயில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோல். பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறிவர ஆரம்பித்தது. எங்கள் கோலுக்கு முன்னால் ஒரு பந்து உயரமாக வந்தது. கூட்டத்தில் எல்லாரும் எழும்பினார்கள். மெல்கியாதெஸ் எல்லாரையும்விட உயரமாக எழும்பி, தலைக்கு எட்டாத பந்தைக் கையால் தட்டிவிட்டான். பனியில் யாரும் பார்க்கவில்லை. சான் கிறிஸ்பின்காரர்களே பார்க்கவில்லை. நிக்கனோரா பார்த்தாள்.

கோட்டுக்கு வெளியே செனாய்தா வெள்ளைச் சட்டையில் சுற்றிய அம்பாரோவை வைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் மாமியார். அவர்கள் வீட்டுப் பின்கட்டுக் குழியில் காலையிலிருந்து ஆட்டிறைச்சி வெந்துகொண்டிருந்தது. ஞானத்தாய்க்கு என்று பெரிய மேசையில் ஒரு இடம் போட்டிருந்தார்கள். நிக்கனோரா வாழ்க்கையில் உட்காராத இடம். விரல் உதட்டுக்குப் பக்கத்தில் ஒரு கணம் நின்றது. பிறகு விசிலடித்தாள்.

“என்ன கொமாத்ரே?” என்றான் மெல்கியாதெஸ்.

“கை, கொம்பாத்ரே.”

அவன் வாயைத் திறந்தான். எட்டு வருடமாகக் கத்திப் பழகிய வசவெல்லாம் தொண்டைவரை வந்து முட்டிக்கொண்டு நிற்பது கழுத்து நரம்பில் தெரிந்தது. அவன் தன் வலது கையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மனைவியின் கையிலிருந்த பிள்ளையைப் பார்த்தான்.

“நீங்க சொன்னா சரிதான், கொமாத்ரே.”

தோரிபியோ பெனால்டியை அடித்தான். ருத்திலியோ சரியான பக்கம்தான் பாய்ந்தான், பந்து அவன் விரலைத் தொட்டுக்கொண்டு உள்ளே போனது. கோப்பை ‘அம்மா செல்லம்’ மேல் ஏறி மலை இறங்கியது.

நிக்கனோரா கடைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அடுப்பு மூட்டவில்லை. தெருவில் எல்லாரும் செனாய்தா வீட்டுப் பக்கம் போகும் சத்தம் கேட்டது. அவள் வாசலை யாரும் தட்டவில்லை. விருந்துக்குப் போகாமல் இருந்தால் காலையில் ஏற்பட்ட உறவு சாயந்தரமே முறிந்தது என்று அர்த்தம். போய் நின்று, அங்கே நாற்காலி இல்லையென்றால் ஊர் முழுக்கப் பார்க்கும். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு சட்டையைக்கூட மாற்றாமல் எழுந்து நடந்தாள்.

அவள் பின்கட்டு வாசலில் வந்து நின்றதும் பேச்சு அடங்கியது. மாமியார் கரண்டியைப் பார்த்தாள். மெல்கியாதெஸ் எழுந்து விடுவிடுவென்று வீட்டுக்குள் போனான். நிக்கனோரா வந்த வழியே திரும்பக் காலெடுத்தாள்.

“எங்க போறீங்க? ஞானத்தாய் இல்லாம யார் முதல்ல சாப்பிடறது?” என்றான் மெல்கியாதெஸ். வீட்டிலேயே நல்ல நாற்காலியைத் தோளில் தூக்கி வந்திருந்தான். அதைச் செனாய்தாவுக்குப் பக்கத்தில் போட்டு, தன் சட்டைக் கையால் துடைத்தான். “உக்காருங்க, கொமாத்ரே.”

அவள் உட்கார்ந்தாள். குழியிலிருந்து எடுத்ததில் நல்ல துண்டாகப் பார்த்து அவள் தட்டில் வைத்தான். இரண்டாவதாகவும் ஒன்று வைத்தான். பேச்சு மெல்ல மறுபடி கிளம்பியது. அவன் மட்டும் நிலைகொள்ளாமல் இருந்தான். கடைசியில் செனாய்தாவின் மடியிலிருந்து பிள்ளையைத் தூக்கி, முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டான்.

“அம்பாரோ, உன் ஞானத்தாய் பெரிய மனுஷி. அவங்களை எதிர்த்து உங்கப்பன் ஒரு வார்த்தை பேசமாட்டான். ஆனா நீ வளந்ததும் யாரை வேணா கேட்டுப் பாரு. பந்து பட்டது தோள்ல.”

நிக்கனோரா விரலைத் துடைத்துக்கொண்டு பிள்ளையை அவனிடமிருந்து வாங்கினாள்.

“அம்பாரோ, உங்கப்பா ரொம்ப மரியாதை தெரிஞ்சவர். அவர் பொய் சொல்றாருன்னு நான் சொல்லவே மாட்டேன். ஆனா அஞ்சு விரல் முளைச்ச தோளை நான் இன்னிக்குத்தான் பாத்தேன்.”

“அம்பாரோ, அந்தப் பனியில விரலை எண்ணினாங்களான்னு கேளு.”

“அம்பாரோ, எண்ணினேன். ஒரு விரல்ல மோதிரம் இருந்துச்சுன்னும் சொல்லு.”

செனாய்தா நடுவில் கையை நீட்டினாள்.

“பிள்ளையை இப்படிக் குடுங்க, கொமாத்ரே. நீங்க ரெண்டு பேரும் சேந்து அதுக்கு மஞ்சள் அட்டை காட்டறதுக்குள்ள பால் குடுத்துடறேன்.”